உங்கள் பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்!

கத்ரீனா புயலுக்கு முன்னும் பின்னும் அமெரிக்கா தன் கறுப்பின ஏழைகளுக்குச் சொன்ன செய்தி

2005 ஜூலை மாதம். நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் ‘டைம்ஸ் பிகாயூன்’ நாளிதழில் ஒரு செய்தி வந்தது. பெரும் புயல் வந்தால் ஏழைகள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தர டி.வி.டி-க்கள் தயாராகின்றன, பத்தாயிரக்கணக்கில் விநியோகிக்கப் போகிறார்கள் என்றது அது. என்ன சொல்லித்தரப் போகிறார்கள்? வாகனம் இல்லாதவர்களை ஏற்றிச் செல்ல அரசிடம் வசதி இல்லை. அக்கம்பக்கத்தாரிடமோ சொந்தபந்தங்களிடமோ தேவாலயத்திலோ பேசி இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று. சுருக்கமாகச் சொன்னால், உங்கள் பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த டி.வி.டி-க்கள் மக்கள் கைக்குப் போய்ச் சேருமுன் ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா கரையைக் கடந்துவிட்டது. வெள்ளத்தடுப்புக் கரைகள் 50-க்கும் மேற்பட்ட இடங்களில் உடைந்தன. நகரத்தின் 80 சதவீதம் மூழ்கியது. புயலுக்குப் பலியானவர்கள் 1,800-க்கும் அதிகம் என்று பல ஆண்டுகள் சொல்லிவந்தார்கள். 2023-ல் அமெரிக்கத் தேசியப் புயல் மையம் அதை 1,392 என்று திருத்தியது. உலகத்தின் மிகப் பணக்கார நாட்டில், முன்கூட்டியே தெரிந்த ஒரு புயலில், இத்தனை பேர்.

வெள்ளம் நிறம் பார்ப்பதில்லை, பணம் பார்ப்பதில்லை என்பார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெள்ளம் அப்படித்தான் வந்தது. பணக்கார வெள்ளையர்கள் வாழ்ந்த லேக்வியூவும் மூழ்கியது, கறுப்பின உழைப்பாளிகள் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டும் மூழ்கியது. ஆனால் வெள்ளத்துக்கு முன் யார் வெளியேற முடிந்தது, வெள்ளத்தின் நடுவே யாரை மீட்க வந்தார்கள், வெள்ளம் வடிந்தபின் யார் வீடு திரும்பினார்கள் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றுதான். ஏழைகளின் மேல் சமூகம் காட்டும் அலட்சியம் எப்படி இனத்தின் வழியே நடக்கிறது என்பதை அந்த விடையில் பார்க்கலாம்.

மாதக் கடைசியில் வந்த புயல்

நகரைக் கட்டாயமாகக் காலி செய்யும்படி மேயர் ரே நேகின் உத்தரவிட்டது ஆகஸ்ட் 28, ஞாயிறு காலை. புயல் கரையைக் கடக்க ஒரு நாள்கூட இல்லை. கார் வைத்திருந்தவர்களுக்கு ஏற்பாடு பிரமாதமாக இருந்தது. நெடுஞ்சாலைகளின் எல்லா வழித்தடங்களையும் வெளியேறும் திசைக்கே திருப்பிவிட்டார்கள். வட்டாரம் முழுக்க லட்சக்கணக்கானோர் பத்திரமாக வெளியேறினார்கள். அது திறமையான நிர்வாகம்தான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அந்த நகரத்தில் சொந்த வாகனம் இல்லாதவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். கறுப்பினக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றிடம் கார் இல்லை. வெள்ளையர் குடும்பங்களில் கார் இல்லாதவர்கள் அதில் பாதியளவே. இது புயலடித்த பிறகு தெரியவந்த விஷயமல்ல. முந்தைய ஆண்டு, 2004 ஜூலையில், ‘ஹரிகேன் பாம்’ என்ற கற்பனைப் புயலை வைத்து அரசு அதிகாரிகளே ஒத்திகை நடத்தினார்கள். கரைகளைத் தாண்டி நீர் வரும், நகரம் மூழ்கும், வாகனம் இல்லாத பெருங்கூட்டம் சிக்கிக்கொள்ளும் என்பதெல்லாம் அந்த ஒத்திகையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதற்கு அரசு கண்ட தீர்வுதான் அந்த டி.வி.டி. நகரத்தின் மஞ்சள் பள்ளிப் பேருந்துகள் நிறுத்துமிடத்திலேயே வரிசை குலையாமல் மூழ்கிக் கிடந்த புகைப்படத்தை உலகமே பார்த்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று தேதி 28, மாதக் கடைசி. உதவித்தொகையும் ஓய்வூதியமும் ஒன்றாம் தேதி வாக்கில்தான் வரும். அன்றாடங்காய்ச்சிகளின் கையில் அந்த நேரத்தில் என்ன இருக்கும்? பெட்ரோலுக்கும், நூறு மைல் தள்ளி ஒரு லாட்ஜ் அறைக்கும், குடும்பத்தின் சாப்பாட்டுக்கும் யார் கொடுப்பார்கள்? “போகச் சொன்னோமே, ஏன் போகவில்லை?” என்று பிறகு தொலைக்காட்சியில் கேட்டவர்கள் யாரும், போவதற்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்கவில்லை.

அன்றைய நியூ ஆர்லியன்ஸ் மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். நகரத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், அவர்களில் கறுப்பினத்தவர் 84 சதவீதம். “கார் இருப்பவர்கள் கிளம்புங்கள்” என்ற உத்தரவில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது நிறைவேறிய விதத்தில் நிறத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

முதல் வகுப்பு டிக்கெட்

இந்த 84 சதவீதம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதே ஊரில் நடந்த பழைய சம்பவம் ஒன்று வழிகாட்டும். 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி நியூ ஆர்லியன்ஸில் ரயில் ஏறினார். காசு கொடுத்து முதல் வகுப்பு டிக்கெட் வாங்கியிருந்தார். தோற்றத்தில் வெள்ளையரைப் போலவே இருப்பார். முன்னோரில் எட்டில் ஒரு பங்குதான் கறுப்பினம். ஆனால் லூசியானாவின் 1890-ம் ஆண்டுச் சட்டப்படி அவர் வெள்ளையர் பெட்டியில் உட்கார முடியாது. தன் இனத்தைத் தானே சொல்லி, எழுந்திருக்க மறுத்து, கைதானார். அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுப்பதற்காகவே அந்த ஊர்க் குடிமக்கள் குழு திட்டமிட்டு நடத்திய போராட்டம் அது. 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தனித்தனியாக வைத்தாலும் சமம்தான் என்ற அந்தத் தீர்ப்பை 1954 வரை அசைக்க முடியவில்லை.

கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது, நிறம் தடுத்தது. பணம் இருந்தும் பயனில்லை என்ற நிலை இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு நீடித்தால் பணமே இல்லாமல் போகும். நல்ல பள்ளி கிடையாது. நல்ல வேலை கிடையாது. நல்ல பகுதியில் வீடு வாங்கக் கடன் கிடையாது. 1930-களில் அரசு முகமைகள் வரைந்த வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழும் தெருக்களுக்குச் சிவப்பு அடித்து, இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று வங்கிகளுக்குக் குறித்துக் காட்டினார்கள். புதிதாக உருவான வெள்ளையர் குடியிருப்புகளின் பத்திரங்களில், இந்த மனையைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது என்று ஷரத்து எழுதினார்கள்.

1960-களில் சட்டங்கள் மாறின. பாகுபாடு குற்றமானது. அதுவரை பறித்ததைத் திருப்பிக் கொடுக்கும்படி மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அன்று இனத்தைக் காட்டி வாய்ப்பைப் பறித்தார்கள்; அதனால் வறுமை வந்தது. இன்று வறுமையைக் காட்டி மறுக்கிறார்கள். “உன் நிறம் எங்களுக்குப் பொருட்டே இல்லை, உன்னிடம் கார் இல்லை, அவ்வளவுதான்” என்று சொல்ல முடிகிறது. மனசாட்சி உறுத்தாமல் சொல்ல முடிவதுதான் இதில் கொடுமை.

உடைந்த கரைகளின் வரலாறு

கத்ரீனா சமயத்தில் லோயர் நைன்த் வார்டு மக்களிடையே ஒரு பேச்சு பரவியது. கரை தானாக உடையவில்லை, பணக்காரர் பகுதியைக் காப்பாற்ற வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள் என்று. அது உண்மையில்லை. ஆனால் அந்த மக்கள் அதை நம்பியதற்குக் காரணம் இருந்தது. 1927-ல் மிசிசிப்பி ஆறு பெருகியபோது அது உண்மையாகவே நடந்திருக்கிறது.

அந்த ஆண்டு ஏப்ரல் 29 அன்று, நியூ ஆர்லியன்ஸைக் காப்பாற்றுவதற்காக, நகரத்துக்குக் கீழே கேர்னார்வன் என்ற இடத்தில் ஆற்றுக்கரையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். முடிவெடுக்க வைத்தவர்கள் நகரத்தின் வங்கியாளர்களும் பெருவணிகர்களும். மூழ்கியது செயின்ட் பெர்னார்ட், பிளாக்மின்ஸ் என்ற இரண்டு மாவட்டங்கள். அங்கே வாழ்ந்தவர்களில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் பிழைத்த வெள்ளை ஏழைகளும் ஏராளம். முழு இழப்பீடு தருவதாகச் சொன்னவர்கள், பிறகு கணக்குப் பார்த்துப் பார்த்து மிகக் குறைவாகவே கொடுத்தார்கள். அதே வெள்ளத்தில், மேலே மிசிசிப்பி மாநிலத்தின் கிரீன்வில் ஊரில், கறுப்பினக் குத்தகை விவசாயிகளை ஆற்றுக்கரை மேலேயே அடைத்துவைத்தார்கள். படகில் ஏறிப் போனால் திரும்பி வரமாட்டார்கள், பண்ணை வேலைக்கு ஆள் இருக்காது என்ற பயம் முதலாளிகளுக்கு. துப்பாக்கிக் காவலோடு வேலை வாங்கினார்கள்.

ஒரே வெள்ளத்தில் இரண்டு பாடங்கள். ஏழையாக இருந்தால் வெள்ளையரின் நிலத்தையும் மூழ்கடிப்பார்கள். ஏழையாகவும் கறுப்பராகவும் இருந்தால் ஓடித் தப்பவும் விடமாட்டார்கள்.

லோயர் நைன்த் வார்டு தனித்துப் போனதற்கும் மனிதர்களே காரணம். 1923-ல் திறக்கப்பட்ட இண்டஸ்ட்ரியல் கால்வாய் அந்தப் பகுதியை நகரத்திலிருந்து வெட்டிப் பிரித்தது. 1960-களில் ராணுவப் பொறியாளர் பிரிவு கப்பல் போக்குவரத்துக்காக வெட்டிய இன்னொரு கால்வாய், கடல்நீரைத் தடுத்துவந்த சதுப்பு நிலக் காடுகளை அழித்தது. 1965-ல் பெட்சி புயலில் இதே பகுதி மூழ்கியது. கத்ரீனாவில் இண்டஸ்ட்ரியல் கால்வாயின் தடுப்புச்சுவர் சரிந்தபோது வீடுகள் அடித்தளத்தோடு பெயர்ந்தன. ஒரு பெரிய சரக்குப் படகே உடைப்பின் வழியே குடியிருப்புக்குள் வந்து விழுந்தது. உலகப் புகழ்பெற்ற பாடகர் ஃபேட்ஸ் டாமினோ அந்த வார்டில்தான் வாழ்ந்தார். அவரையும் வெள்ளத்திலிருந்து மீட்க வேண்டியிருந்தது. கரைகளை வடிவமைத்ததில் பிழை இருந்தது என்று ராணுவப் பொறியாளர் பிரிவே 2006-ல் ஒப்புக்கொண்டது.

அந்த ஐந்து நாட்கள்

வெளியேற முடியாதவர்களுக்குக் கடைசிப் புகலிடம் என்று சூப்பர்டோம் விளையாட்டரங்கத்தைத் திறந்தார்கள். 20,000 பேருக்கு மேல் அங்கே அடைந்தார்கள். மின்சாரம் போனது. கூரை பிய்ந்தது. கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. மாநாட்டு மையத்தில் மேலும் ஆயிரக்கணக்கானோர் குடிநீரும் உணவும் இல்லாமல் காத்திருந்தார்கள். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே இறந்துபோன மூதாட்டியைப் போர்வையால் மூடி ஓரமாக வைத்திருந்த காட்சியைத் தொலைக்காட்சிகள் காட்டின. மத்தியப் பேரிடர் நிர்வாக முகமையின் தலைவர் மைக்கேல் பிரவுன், மாநாட்டு மையத்தில் மக்கள் தவிப்பது தங்களுக்கு இன்றைக்குத்தான் தெரியும் என்று செப்டம்பர் 1 அன்று தொலைக்காட்சியில் சொன்னார். வீட்டில் டி.வி வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த விஷயம் அது. இந்த முகமைக்கு வருமுன் அவர் அரேபியக் குதிரைகள் சங்கம் ஒன்றில் அதிகாரியாக இருந்தவர். ஏழைகளின் உயிர் சம்பந்தப்பட்ட பதவிக்கு எப்படிப்பட்ட ஆளை நியமித்தார்கள் என்பதே அலட்சியத்துக்குச் சான்று.

உதவி தாமதமானது. வதந்தி தாமதிக்கவில்லை. சூப்பர்டோமில் குழந்தைகளைச் சீரழிக்கிறார்கள், கொலைகள் நடக்கின்றன, பிணங்கள் குவிந்து கிடக்கின்றன என்று மேயரும் காவல்துறைத் தலைவருமே பேட்டி கொடுத்தார்கள். பிறகு விசாரித்தபோது அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரமே இல்லை. சூப்பர்டோமில் கிடைத்த உடல்கள் ஆறு. அவற்றில் ஒன்றுகூடக் கொலை இல்லை. ஆனால் வதந்தி தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. ஆகஸ்ட் 31 இரவு, மக்களை மீட்டுக்கொண்டிருந்த போலீஸாரை அந்த வேலையை விட்டுவிட்டுக் கடைகளைக் காக்கப் போகும்படி மேயர் உத்தரவிட்டார். கூரைமேல் உதவி கேட்டுக் கையசைத்தவர்களைவிடக் கடைச் சரக்கு பெரிதாகிவிட்டது. வெள்ளத்தில் உணவுப் பொருளோடு நடந்துவந்த கறுப்பின இளைஞரின் படத்துக்குக் கீழே ‘கொள்ளையடித்து’ என்றும், அதேபோல் நடந்துவந்த வெள்ளையர் இருவரின் படத்துக்குக் கீழே ‘கண்டெடுத்து’ என்றும் இரண்டு செய்தி நிறுவனங்கள் குறிப்பு எழுதின.

நகரத்திலிருந்து நடந்தே தப்பிக்க நினைத்தவர்கள் மிசிசிப்பி ஆற்றுப் பாலத்தைக் கடந்து கிரெட்னா என்ற ஊருக்குள் போக முயன்றார்கள். அந்த ஊர்ப் போலீஸார் அவர்கள் தலைக்குமேல் துப்பாக்கியால் சுட்டுத் திருப்பி அனுப்பினார்கள். செப்டம்பர் 4 அன்று டான்சிகர் பாலத்தில், ஆயுதம் எதுவும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த கறுப்பினத்தவர் ஆறு பேரை நியூ ஆர்லியன்ஸ் போலீஸார் சுட்டார்கள். 17 வயதுப் பையன் ஒருவனும், மனவளர்ச்சி குன்றிய 40 வயதுக்காரர் ஒருவரும் செத்தார்கள். பொய் வழக்கு ஜோடித்து மறைத்தார்கள். போலீஸார் கடைசியாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற 2016 வரை ஆனது.

மனிதர்கள் இல்லாமல் போய்விடவில்லை. சொந்தப் படகோடு கிளம்பிவந்து கூரைகளில் இருந்தவர்களை இறக்கிய மீனவர்களும் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் வெள்ளையர்கள். கடலோரக் காவல் படை 33,000-க்கும் மேற்பட்டோரை மீட்டது. ஹூஸ்டன் நகரம் லட்சக்கணக்கானோருக்குக் கதவைத் திறந்தது. எதிரில் ஒரு முகத்தைப் பார்த்தவர்கள் கைநீட்டினார்கள். வரைபடத்தையும் பட்டியலையும் மட்டும் பார்த்தவர்கள் கைவிரித்தார்கள்.

மேயரே கறுப்பினத்தவர்தானே?

இந்தக் கேள்வி நியாயமானது. ரே நேகின் கறுப்பினத்தவர். காவல்துறைத் தலைவரும் அப்படியே. அப்படியானால் இதில் இனம் எங்கே வந்தது?

வர்க்கம் புகும் இடம் இதுதான். நேகின் அதற்குமுன் கேபிள் டி.வி நிறுவனம் ஒன்றில் உயர் அதிகாரி. அவருடைய நகரம் வேறு, பேருந்துக்குக் காத்திருப்பவர்களின் நகரம் வேறு. 2014-ல் லஞ்ச வழக்கில் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நாற்காலியில் தம் இனத்தவர் ஒருவர் உட்கார்ந்துவிட்டால் ஏழையின் பேச்சு அம்பலம் ஏறிவிடாது.

ஆனால் இதை வைத்து, எல்லாம் வர்க்கப் பிரச்னைதான் என்று இனத்தை ஒதுக்கிவிடவும் முடியாது. லூசியானாவில் கத்ரீனாவால் இறந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 75 வயதைக் கடந்தவர்கள். செயின்ட் பெர்னார்ட் மாவட்டத்தின் ஒரு முதியோர் இல்லத்தில் மட்டும் 35 பேர் மூழ்கி இறந்தார்கள். அந்த மாவட்டத்தில் பெரும்பான்மையினர் வெள்ளையர். முதுமையும் இயலாமையும் எல்லா நிறத்தவரையும் கொன்றன. ஆயினும் நியூ ஆர்லியன்ஸ் நகருக்குள், 18 வயதைக் கடந்தவர்களை வயதுவாரியாகப் பிரித்து ஆராய்ந்தபோது, வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவர் இறப்பு விகிதம் 1.7 மடங்கு முதல் 4 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

1927-ல் நிலத்தை இழந்த அதே செயின்ட் பெர்னார்ட் மாவட்டம், கத்ரீனாவிலும் கிட்டத்தட்ட முழுதாக மூழ்கியது. பட்ட வலி ஒன்றாக இருந்தால் பட்டவர்கள் ஒன்றுசேர்வார்கள் என்று நாம் நினைப்போம். 2006-ல் அந்த மாவட்ட நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது: வீட்டுக்காரர்கள் தங்கள் ரத்த உறவுகளுக்குத் தவிர வேறு யாருக்கும் அனுமதியின்றி வீட்டை வாடகைக்கு விடக் கூடாது. அங்கே வீட்டுச் சொந்தக்காரர்களில் 93 சதவீதம் வெள்ளையர். விதியில் இனம் என்ற சொல்லே இல்லை. தேவையும் இல்லை. நீதிமன்றம் ஏறிய பின்புதான் அது விழுந்தது. வெள்ளை ஏழையையும் கறுப்பின ஏழையையும் பிரித்துவைக்கும் கருவியாக இனம் இன்றும் உழைக்கிறது, லாபம் மூன்றாமவருக்கு.

அதே ஆழத்து வெள்ளம், வேறு வேறு இழப்பீடு

வெள்ளம் வடிந்தபின் நடந்ததுதான் இந்தக் கதையிலேயே மிகவும் அமைதியாக நடந்த அநியாயம். வீடு இழந்தவர்கள் திரும்பக் கட்டிக்கொள்ள ‘ரோட் ஹோம்’ என்ற திட்டத்தில் பல நூறு கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 1,50,000 டாலர். எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிக்க ஒரு சூத்திரம் வைத்தார்கள்: புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, திரும்பக் கட்ட ஆகும் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ, அதன் அடிப்படையில் இழப்பீடு.

கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரே அளவு, ஒரே ஆழத்துக்கு வெள்ளம். செங்கல், மரம், கொத்தனார் கூலி எல்லாம் ஒன்றுதான். ஆனால் லேக்வியூவில் இருக்கும் வீட்டின் சந்தை மதிப்பு அதிகம். லோயர் நைன்த் வார்டு வீட்டின் மதிப்பு குறைவு. ஏன் குறைவு? முக்கியக் காரணம், அந்தத் தெருவில் வாழ்பவர்கள் கறுப்பினத்தவர். ஆகவே முன்னவர் வீட்டைக் கட்டி முடிக்கத் தேவையான பணத்துக்குப் பக்கத்தில் வந்தார். பின்னவருக்குப் பாதி வீடு கட்டவே பணம் போதவில்லை. நியாயமான வீட்டுவசதிக்காகப் போராடும் அமைப்புகளும் கறுப்பின வீட்டுச் சொந்தக்காரர்கள் ஐந்து பேரும் 2008-ல் வழக்குப் போட்டார்கள். 2011-ல் 6.2 கோடி டாலருக்கு அரசு சமரசம் செய்துகொண்டது. அதற்குள் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. பல குடும்பங்கள் வேறு மாநிலங்களில் வேரூன்றிவிட்டன, பல முதியவர்கள் வீட்டைப் பார்க்காமலே கண்மூடிவிட்டார்கள்.

இன்னொரு சிக்கல் நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். லோயர் நைன்த் வார்டில் சொந்த வீட்டுக்காரர்களின் விகிதம் நகரச் சராசரியைவிட அதிகம். தாத்தா கட்டிய வீடு, அப்பா காலத்தில் கடன் அடைந்துவிட்டது, பேரன் வாழ்கிறான். பத்திரம் இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறது. வக்கீலுக்குச் செலவழித்துப் பெயர் மாற்ற யாருக்கு வசதி? பத்திரம் உன் பேரில் இல்லை, ஆகவே உதவி இல்லை என்றார்கள். வங்கிக் கடன் இருக்கும் வீட்டுக்குத்தான் வெள்ளக் காப்பீடு கட்டாயம் என்பதால், கடனில்லாமல் வாழ்ந்த பலரிடம் காப்பீடும் இல்லை. கடன் வைக்காத நாணயமே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது.

வீடு, வைத்தியம், வேலை

சொந்த வீடே இல்லாதவர்களின் கதி இன்னும் மோசம். நகரத்தின் அரசுக் குடியிருப்புகளில் 5,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாழ்ந்தன; ஏறக்குறைய அனைவரும் கறுப்பினத்தவர். உறுதியான செங்கல் கட்டடங்களான அவற்றில் பலவற்றைச் சுத்தம் செய்து குடியேறியிருக்க முடியும். பூட்டுப் போட்டார்கள். நியூ ஆர்லியன்ஸின் அரசுக் குடியிருப்புகளை நம்மால் சுத்தம் செய்ய முடியவில்லை, கடவுள் செய்துவிட்டார் என்ற பொருளில் அந்த மாநிலத்து நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் பேசியது வெளியே வந்தது. 2007 டிசம்பர் 20 அன்று, சுமார் 4,500 வீடுகளை இடிக்க மாநகர மன்றம் ஒருமனதாக வாக்களித்தது. வெளியே நின்ற போராட்டக்காரர்கள் மேல் மிளகுப்பொடித் திரவம் பீய்ச்சினார்கள்.

1736-ல் தொடங்கிய சாரிட்டி மருத்துவமனை ஏழைகளின் ஆஸ்பத்திரி. புயலுக்குப் பிறகு டாக்டர்களும் ராணுவத்தினரும் சேர்ந்து சில வாரங்களிலேயே அதன் கீழ்த்தளங்களைச் சுத்தம் செய்தார்கள். மாநில அரசு அதைத் திறக்கவே இல்லை. மாற்று மருத்துவமனை வந்தது 2015-ல். பள்ளிகளில் ஆசிரியர்கள் உட்பட சுமார் 7,500 பேரை மொத்தமாகப் பணிநீக்கம் செய்தார்கள். ஆசிரியர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். நகரத்தில் கறுப்பின நடுத்தர வர்க்கம் என்று ஒன்று இருந்ததற்கு அந்தச் சம்பளம்தான் முதுகெலும்பு.

தங்க வீடு இல்லை, நோய்க்கு ஆஸ்பத்திரி இல்லை, பழைய வேலை இல்லை. “விருப்பமுள்ளவர்கள் திரும்பி வரலாம்” என்றார்கள். 2000-த்துக்கும் 2010-க்கும் இடையே நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. லோயர் நைன்த் வார்டின் பல தெருக்களில் பல ஆண்டுகள் கழித்தும் படிக்கட்டு மட்டும் நின்றது, வீடு இல்லை.

நம்மவர்களும் அங்கே இருந்தார்கள்

புயல் ஓய்ந்த பத்தே நாளில், 2005 செப்டம்பர் 8 அன்று, மத்திய அரசின் கட்டுமானப் பணிகளில் நியாயமான கூலி கொடுத்தாக வேண்டும் என்ற சட்டத்தை அதிபர் புஷ் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். வளைகுடாக் கடற்கரையின் மறுகட்டுமானம் மலிவான உழைப்பைத் தேடியது. உள்ளூர்க் கறுப்பினத் தொழிலாளிகள் ஊர் திரும்ப வழியில்லாமல் இருந்தபோதே, வெளியூர் ஏழைகளைத் தேடி ஏஜென்ட்டுகள் கிளம்பினார்கள். அவர்கள் வந்த இடங்களில் கேரளமும் தமிழ்நாடும் உண்டு.

மிசிசிப்பியிலும் டெக்சாஸிலும் தளங்கள் வைத்திருந்த சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்துக்காக, இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களும் பைப் ஃபிட்டர்களும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். கிரீன் கார்டு கிடைக்கும், குடும்பத்தோடு வாழலாம் என்ற வாக்குறுதியை நம்பி, ஆளுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் மேல் கொடுத்தார்கள். நிலத்தை விற்றார்கள், நகையை அடகு வைத்தார்கள், வட்டிக்கு வாங்கினார்கள். போய் இறங்கியபின் கிடைத்ததோ தற்காலிக விசாதான். காவல் போட்ட முகாமில், ஒரு கொட்டகைக்கு 24 பேர். அதற்கு நாளொன்றுக்கு 35 டாலர் சம்பளத்தில் பிடித்தம். கேள்வி கேட்டவர்களைத் திருப்பி அனுப்ப முயன்றார்கள். 2008 மார்ச்சில் தொழிலாளிகள் துணிந்து வெளியேறினார்கள், வாஷிங்டன் போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸ் நீதிமன்றத்தின் ஜூரி, முதல் வழக்கில் ஐந்து பேருக்கு 1.4 கோடி டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மற்றத் தொழிலாளிகளை நடத்தாத விதத்தில் இந்தியர்களை நடத்தினார்கள் என்பதும் அந்த வழக்கில் நிரூபணமானது.

ஓர் ஏழையை வரவிடாமல் செய்துவிட்டு, இன்னோர் ஏழையைக் கடனில் கட்டி இழுத்துவந்து, இருவரையும் ஒருவருக்கொருவர் போட்டியாக நிறுத்துவது. 1927-ன் ஆற்றுக்கரை முகாமுக்கும் 2007-ன் தொழிலாளர் முகாமுக்கும் வழி ஒன்றுதான்.

முடியாத காரியமா?

2005 செப்டம்பரில் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களிடம் ஒரு கேள்வி கேட்டது: பாதிக்கப்பட்டவர்கள் வெள்ளையர்களாக இருந்திருந்தால் அரசு வேகமாகச் செயல்பட்டிருக்குமா? கறுப்பினத்தவரில் 66 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். வெள்ளையரில் 77 சதவீதம் பேர் வித்தியாசம் இருந்திருக்காது என்றார்கள். ஒரே நாடு, ஒரே தொலைக்காட்சிக் காட்சி. பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் வாழ முடிந்தவர்களுக்குக் கண்ணில் படவில்லை.

வேகமாகச் செயல்படுவது முடியாத காரியம் என்று அன்று சொன்னவர்களுக்குப் பதில் மூன்றே ஆண்டுகளில் கிடைத்தது. 2008-ல் குஸ்தாவ் புயல் வந்தபோது, அதே நியூ ஆர்லியன்ஸ், நகரத்தின் பல இடங்களில் ஏற்றுமிடங்கள் அமைத்து, கார் இல்லாத சுமார் 18,000 பேரைப் பேருந்திலும் ரயிலிலும் இலவசமாக வெளியேற்றியது. புதிய கருவி எதுவும் கண்டுபிடிக்கவில்லை. பேருந்து 2005-லும் இருந்தது. அந்த மக்களையும் கணக்கில் எழுதுவது என்ற முடிவு மட்டும்தான் புதியது.

அந்த முடிவு ஒருமுறை எடுத்தால் போதாது, ஒவ்வொரு முறையும் எடுக்க வேண்டும் என்பதையும் அதே ஊர் காட்டியது. 1,400 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய புதிய கரைகள் 2021 ஆகஸ்ட் 29 அன்று வந்த ஐடா புயலைத் தாங்கி நின்றன. நகரம் மூழ்கவில்லை. ஆனால் மின்சாரம் போனது. வசதியுள்ளவர்கள் கிளம்பிவிட்டார்கள். குறைந்த வருமான முதியவர்கள் வாழ்ந்த அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்று, புழுக்கத்தில் சிலர் செத்துக் கிடந்தார்கள். கான்கிரீட்டை உயர்த்திய நாடு, கதவைத் தட்டி விசாரிக்க ஓர் ஆளை நியமிக்க மறந்துவிட்டது.

அலட்சியம் என்றால் மனத்தில் இரக்கம் இல்லாமை என்று நினைக்கிறோம். கத்ரீனாவுக்குப் பின் அமெரிக்கர்கள் கோடிக்கணக்கில் நன்கொடை கொடுத்தார்கள், இரக்கத்துக்குக் குறைவில்லை. குறைந்தது வேறு. காரை வைத்துப் போடும் வெளியேற்றத் திட்டம், சந்தை மதிப்பை வைத்துப் போடும் இழப்பீடு, பத்திரத்தை வைத்துப் போடும் தகுதி ஆகிய ஒவ்வொன்றிலும், பழைய பாகுபாட்டால் வறியவர்களானவர்களை அந்த வறுமையைக் காரணம் காட்டியே மறுபடி வெளியே தள்ளினார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்திருக்கலாம். விளைவு மாறவில்லை.

ஆகவே ஏழைகளுக்காக ஒரு திட்டம் அறிவிக்கப்படும்போது, எவ்வளவு கோடி ஒதுக்கினார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். வண்டி இல்லாதவர் எப்படிப் போவார், பத்திரம் இல்லாதவர் எதைக் காட்டுவார், தெருவின் பெயரைக் கேட்டதுமே மதிப்பு குறைக்கப்பட்டவர் எதை வைத்துக் கட்டுவார் என்று கேளுங்கள். அதற்குப் பதில் எழுதப்படாத எந்தத் திட்டமும் ஏழைகளுக்கு ஒன்றைத்தான் சொல்கிறது: உங்கள் பாட்டை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அப்படிச் சொல்லும் உரிமை எந்த அரசுக்கும் கிடையாது. அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும் உரிமை நமக்கும் கிடையாது.